கிரேட் 78 ப்ராஜெக்ட்: பிளே பொத்தானுக்குப் பின்னால் இருக்கும் எட்டுக் கோப்புகள்

இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணையக் காப்பகம், நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய அரக்கு இசைத்தட்டுகளை டிஜிட்டலாக்கி வைத்திருக்கும் தொகுப்புதான் கிரேட் 78 ப்ராஜெக்ட். அதில் ஏதாவது ஒரு தட்டின் பக்கத்துக்குப் போய், பிளே பொத்தானை அழுத்தி, அரை நிமிடம் கேட்டுவிட்டு "வெறும் இரைச்சல்" என்று மூடிவிடுபவர்கள் நிறைய. அவர்கள் காதில் கோளாறு இல்லை. அந்தப் பொத்தான் தருவது பெரும்பாலும் சுமாரான ஒலிதான். கிளிக் என்கிற பொரிசல் நீக்கியிருக்காது, வேகம் சரிபார்த்திருக்காது, சில தட்டுகளில் ட்ரெபிள், அதாவது உயர் அதிர்வெண் ஒலி, மழுங்கியும் கிடக்கும். இந்தச் சேவையை எடைபோட வேண்டிய இடம் அதுவல்ல. பதிவிறக்கப் பட்டியலில் எல்லாக் கோப்புகளையும் காட்டச் சொன்னால் திறக்கிற நீண்ட பட்டியல்தான். அதைத் திறக்கத் தெரிந்தவருக்கு இதற்கு நிகரான இலவசச் சேவை இல்லை. திறக்காதவருக்கு இது இன்னொரு பழைய பாட்டுத் தளம்.

பின்னணி சுருக்கமாக: சான் பிரான்சிஸ்கோவில் இயங்கும் ஆர்க்கைவ் இதை 2017-இல் அறிவித்தது. நியூயார்க்கின் ஆர்க்கைவ் ஆஃப் கன்டெம்பரரி மியூசிக், பாஸ்டன் பொது நூலகம், பல தனிச் சேகரிப்பாளர்கள் எனப் பல இடங்களிலிருந்து வந்த தட்டுகளை ஜார்ஜ் பிளட் என்ற ஒலிப்பாதுகாப்பு நிறுவனம் கழுவி, ஓட்டி, டிஜிட்டலாக்கிக் கொடுத்தது. தொகுப்பில் 4 லட்சத்துக்கும் அதிகமான பதிவுகள் உண்டு. நன்கொடைகள் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வந்ததால் விக்டர், கொலம்பியா, டெக்கா, பிரன்ஸ்விக் போன்ற அமெரிக்க லேபிள்களின் ஆதிக்கம் அதிகம். ஆசிய மொழித் தட்டுகளைத் தேடுகிறவர்கள் ஜார்ஜ் பிளட் தொகுப்போடு நிற்காமல் தனிநபர் பதிவேற்றங்களிலும் தேட வேண்டும். அங்கே தரம் ஆளுக்கு ஆள் மாறும்.

பட்டியலுக்குள் என்ன இருக்கிறது

ஒரே டர்ன்டேபிளில் நான்கு டோன் ஆர்ம் (ஊசியைத் தாங்கும் கை). ஒவ்வொன்றிலும் வேறு வேறு அளவு ஊசி. தட்டு ஒருமுறை சுழலும்போது நான்கும் ஒன்றாகப் பதிவாகின்றன. வழக்கமான அளவுகள் 2.3, 2.8, 3.3, 3.8 மில் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஒவ்வொரு ஊசிக்கும் இரண்டு கோப்புகள்: எந்த ஈக்யூவும் (தாழ்ந்த, உயர்ந்த அதிர்வெண்களின் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருத்தம்) போடாத ஃபிளாட் பதிவு ஒன்று, ஈக்யூ போட்டது ஒன்று. ஆக எட்டு. இவற்றில் பொறியாளர் பரிந்துரைக்கும் ஒன்றைத்தான் எளிய பெயர் சூட்டி முன்னால் வைத்திருக்கிறார்கள். பிளே பொத்தானில் கேட்பது அதைத்தான். மற்ற கோப்புகளின் பெயருக்குள்ளேயே ஊசியின் அளவும், ஈக்யூவா ஃபிளாட்டா என்பதும் இருக்கும்.

எல்லாம் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் ஃபிளாக் வடிவம் (தரம் குறையாமல் அமுக்கும் வடிவம்). மூன்று நிமிடப் பக்கம் ஒன்று அமுக்கப்படாமல் 100 எம்.பி.யைத் தாண்டும். ஃபிளாக்கில் அதைவிடக் குறையும் என்றாலும், எட்டையும் இறக்குவது வீண். முதலில் எம்பி3 வடிவில் நான்கு ஊசிகளையும் கேட்டு ஒன்றை முடிவு செய்துகொண்டு, அந்த ஊசியின் ஃபிளாட் ஃபிளாக்கை மட்டும் இறக்கினால் போதும்.

இந்த நான்கு ஊசி ஏற்பாடுதான் இச்சேவையின் உயிர். அரக்குத் தட்டுகளின் பள்ளம் ஒரே அகலத்தில் இருந்ததே இல்லை. நிறுவனத்துக்கு நிறுவனம், பத்தாண்டுக்குப் பத்தாண்டு மாறியது. அதைவிட முக்கியம் தேய்மானம். பழைய கிராமபோனின் எஃகு ஊசியும் அதைத் தாங்கும் கனத்த சவுண்ட் பாக்ஸும் பள்ளச் சுவரில் ஒரு குறிப்பிட்ட உயரத்தைத் தேய்த்திருக்கும். அதற்கு மேலேயோ கீழேயோ உட்காருகிற ஊசி தேயாத சுவரைப் படிக்கும். நுனி மழுக்கிய ஊசிகளைப் பயன்படுத்தியிருப்பதும் காரணத்தோடுதான். பள்ளத்தின் அடியில் தேங்கிய பொடியை மழுங்கிய நுனி தொடாது. வீட்டில் நான்கு ஊசி வாங்கி, மாற்றி மாற்றிப் பூட்டி, எடை சரிசெய்து பார்க்க ஆகும் நேரத்தை யோசித்தால் இதன் அருமை புரியும்.

பொறியாளரின் பரிந்துரையை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். லட்சக்கணக்கில் ஓட்டும்போது ஒரு பக்கத்துக்குக் கிடைக்கும் கவனம் குறைவு என்பது சில தேர்வுகளில் தெரிகிறது. மூன்று இடங்களில் பத்துப் பத்து விநாடி கேளுங்கள்: தொடக்கம், இருப்பதிலேயே உரத்த இடம், கடைசி இருபது விநாடிக்குள் ஓரிடம். கடைசிப் பகுதி ஏன் என்றால், லேபிளை நெருங்க நெருங்கச் சுற்றளவு சுருங்கி, ஒரு விநாடி ஒலிக்குக் கிடைக்கும் பள்ள நீளமும் குறைந்துவிடுகிறது. அங்கேதான் உடைசல் முதலில் தலைகாட்டும். இரைச்சல் குறைவான ஊசியைவிட, உரத்த இடத்தில் குரல் கிழியாத ஊசியைத் தேர்ந்தெடுங்கள். இரைச்சலைப் பிறகு ஓரளவு குறைக்கலாம். கிழிந்த குரலை ஒட்ட வைக்கும் மென்பொருள் இல்லை. ஒப்பிடும்போது நான்கின் ஒலி அளவையும் சமமாக்கிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் உரக்க ஒலிப்பதே நல்லதாகத் தோன்றும்.

நான்கு கோப்புகளையும் ஒன்றாகக் கலந்தால் இரைச்சல் குறையுமே என்ற யோசனை எல்லோருக்கும் வரும். வேண்டாம். நான்கு ஆர்மும் ஒரே நேரத்தில் தட்டின் வேறு வேறு புள்ளிகளில் உட்கார்ந்திருந்தவை. நேரம் இம்மி பிசகினாலும் ட்ரெபிள் ஒன்றையொன்று தின்றுவிடும்.

வேகம்: பெரிய ஓட்டை

குறைகளில் முதன்மையானது இதுதான். பக்கத்துக் குறிப்பில் "நிமிடத்துக்கு 78 சுற்றில் டிஜிட்டலாக்கப்பட்டது" என்றே பெரும்பாலும் இருக்கும். 78 என்பது பின்னாளில் நிலைத்த எண். மின்சார மோட்டார் வந்த பிறகு 60 ஹெர்ட்ஸ் நாடுகளில் 78.26, 50 ஹெர்ட்ஸ் நாடுகளில் 77.92 என்று அமைந்தது. இந்த இரண்டுக்கும் இடையே வித்தியாசம் ஒரு செமிடோனின் (பியானோவில் அடுத்தடுத்த இரு கட்டைகளின் சுருதி இடைவெளி) நூறில் எட்டுப் பங்குகூட இல்லை, மறந்துவிடலாம். அதற்கு முந்தைய தட்டுகளில்தான் வம்பு. அக்கூஸ்டிக் காலத்து (மின்சார ஒலிப்பதிவுக்கு முந்தைய) விக்டர் தட்டுகள் 76-ஐ ஒட்டியும், கொலம்பியா 80-ஐ ஒட்டியும் வெட்டப்பட்டவை ஏராளம். எடிசன் டைமண்ட் டிஸ்க் 80. பாத்தே தட்டுகள் சில அதற்கும் மேலே போகும்.

76-இல் வெட்டியதை 78-இல் ஓட்டினால் சுருதி 45 சென்ட் (செமிடோனில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) ஏறும், கிட்டத்தட்ட அரை செமிடோன். 80-இல் வெட்டியதை 78-இல் ஓட்டினால் 44 சென்ட் இறங்கும். பாடகரின் குரல் வயதே மாறிவிடும். நினைவில் வைக்க ஒரு கணக்கு: 78-ஐ ஒட்டிய வேகத்தில் 4.6 சுற்று வித்தியாசம் என்பது ஒரு செமிடோன்.

திருத்துவது எளிது. ஆடாசிட்டி என்ற இலவச ஒலித்தொகுப்பு மென்பொருளில் வேகத்தையும் சுருதியையும் சேர்த்து மாற்றும் கட்டளையைப் பயன்படுத்துங்கள். டெம்போவை மட்டும் மாற்றுவதோ சுருதியை மட்டும் மாற்றுவதோ கூடாது. தட்டு தவறான வேகத்தில் ஓடியபோது இரண்டும் சேர்ந்தே மாறின. 78-லிருந்து 80-க்கு +2.564 சதவீதம், 76-க்கு −2.564 சதவீதம்.

எந்த வேகம் சரி என்று முடிவு செய்வதுதான் கடினம். பியானோ, ஆர்மோனியம், கிளாரினெட் போல நிலையான சுருதி உள்ள கருவி இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஆனால் அந்தக் காலச் சுருதியே இன்றைய 440 ஹெர்ட்ஸில் நிற்கவில்லை, 435-உம் உண்டு. அந்த வித்தியாசம் மட்டுமே 20 சென்ட் அளவுக்கு வரும். ஒரே பாடகர் ஒரே நாளில் பதிந்த இரண்டு மூன்று பக்கங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பது நம்பகமான வழி, ஒரே நாளில் வெட்டும் கருவியின் வேகம் பெரிதாக மாறியிருக்காது. தொடக்கத்தையும் முடிவையும் தனித்தனியாகச் சுருதி பாருங்கள். எடைக்கல் இறங்கும் விசையில் ஓடிய பழைய வெட்டுக் கருவிகளில் ஒரே பக்கத்துக்குள்ளேயே வேகம் நகர்ந்த தட்டுகள் உண்டு. அப்படிப்பட்டதை ஒரே சதவீதத்தால் திருத்த முடியாது.

இன்னொன்று மையத் துளை. ஒரு மில்லிமீட்டர் விலகிய துளையோடு ஓட்டினால், மையத்திலிருந்து 10 செ.மீ. தொலைவில் சுருதி இருபுறமும் 17 சென்ட் ஆடும், 5 செ.மீ. தொலைவில் 34 சென்ட். நீண்ட சுரங்கள் விநாடிக்கு 1.3 முறை அலைபாய்வது கேட்டால் காரணம் இதுதான். தட்டு கையில் இருந்தால் மையத்தைச் சரிசெய்து மறுபடி ஓட்டலாம். கோப்பு மட்டும் கையில் இருப்பவருக்குச் சாதாரண மென்பொருளில் வழி இல்லை. இப்படி ஆடுகிற பக்கங்களை விட்டுவிட்டு அதே தட்டின் வேறு பிரதி தொகுப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். பிரபலமான தட்டுகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பிரதிகள் இருப்பது வழக்கம்.

ஈக்யூ போட்ட கோப்பை ஏன் தொடக் கூடாது

1925-இல் மின்சார ஒலிப்பதிவு வந்தது. அதற்கு முன் கூம்பின் வழியே ஒலி நேராக வெட்டும் ஊசிக்குப் போனது. ஈக்யூ வளைவு என்ற பேச்சே கிடையாது. மின்சாரம் வந்த பிறகு, பாஸ் ஒலி பக்கத்துப் பள்ளத்தை இடிக்காமல் இருக்க, ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்குக் கீழே குறைத்து வெட்டினார்கள். அந்த எண்தான் டர்ன்ஓவர். ட்ரெபிளைத் தூக்கி வெட்டி, திரும்ப ஓட்டும்போது குறைப்பது ரோல்ஆஃப். 10,000 ஹெர்ட்ஸில் எத்தனை டெசிபல் குறைக்க வேண்டும் என்று அதைச் சொல்வார்கள். ஆர்.ஐ.ஏ.ஏ. வளைவு (அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழில் சங்கத்தின் வளைவு) 1954-இல்தான் பொதுவானது: டர்ன்ஓவர் 500, ரோல்ஆஃப் −13.7.

தொகுப்பின் பல பக்கங்களில் "என்.ஏ.பி. வளைவு" என்று குறிப்பு இருக்கும். வேறு பலவற்றில் டர்ன்ஓவர் 400, ரோல்ஆஃப் −12 என்று எண்களாகவே இருக்கும். என்.ஏ.பி. (அமெரிக்க ஒலிபரப்பாளர் சங்கத்தின் வளைவு) என்றால் 10,000 ஹெர்ட்ஸில் 16 டெசிபல் வெட்டு. ட்ரெபிளைத் தூக்காமலேயே வெட்டப்பட்ட 1930-ஆம் ஆண்டு ஐரோப்பிய எச்.எம்.வி. தட்டுக்கு அதைப் போட்டால் என்ன ஆகும்? இரைச்சல் குறையும், அதனால் முதல் கேட்புக்கு இனிமையாக இருக்கும். வயலினின் வில் உரசலும் குரலின் மெய்யெழுத்துகளும் அதோடு போய்விடும். லட்சக்கணக்கான தட்டுகளுக்கு ஒவ்வொன்றாக வளைவு தேட முடியாது என்பது நியாயம். ஃபிளாட் கோப்பையும் சேர்த்துக் கொடுத்ததால் அதை மன்னித்துவிடலாம்.

ஃபிளாட்டை எடுத்து ஆடாசிட்டியின் ஃபில்டர் கர்வ் ஈக்யூவில் இப்படிப் போடுங்கள். டர்ன்ஓவர் 250 என்றால் (ஐரோப்பிய மின்சாரத் தட்டுகள் பெரும்பாலானவற்றுக்கு நல்ல தொடக்கம்): 1000 ஹெர்ட்ஸில் 0, 500-இல் +1, 250-இல் +3, 125-இல் +7, 62-இல் +12 டெசிபல். டர்ன்ஓவர் 500 என்றால் எல்லாம் ஒரு ஆக்டேவ், அதாவது இரட்டிப்பு அதிர்வெண், மேலே நகரும்: 1000-இல் +1, 500-இல் +3, 250-இல் +7, 125-இல் +12, 62-இல் +18. 50-க்குக் கீழே உயர்த்தாமல் வெட்டிவிடுங்கள், அங்கே மோட்டார் உறுமலைத் தவிர ஒன்றும் இல்லை. ரோல்ஆஃபை 0-வில் தொடங்கி, காது கூசினால் −5 வரை இறங்கிப் பாருங்கள். 1950-களின் அமெரிக்கத் தட்டுகளுக்கு −12 முதல் −16 வரை தேவைப்படும். அக்கூஸ்டிக் தட்டுக்கு டர்ன்ஓவர் போடாதீர்கள். 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே இசை அநேகமாக இல்லை, தூக்கினால் உறுமல்தான் எழும்.

சுத்தம் செய்யும் வரிசை

வரிசை மாறினால் பலன் பாதியாகும். மோனோ, கிளிக், ஈக்யூ, இரைச்சல், வேகம், கடைசியில் ஒலி அளவு.

மோனோ முதலில் ஏன்? கோப்புகள் ஸ்டீரியோவாக இருப்பதால் இடது சேனல் பள்ளத்தின் ஒரு சுவரையும் வலது மற்றதையும் தருகிறது. இரண்டையும் தனித்தனியே கேளுங்கள். ஒரு சுவர் மட்டும் சிதைந்திருந்தால் நல்ல சேனலை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எறியுங்கள். இரண்டும் சமமாக இருந்தால் கூட்டி மோனோவாக்குங்கள். இசை இரண்டிலும் ஒன்று, இரைச்சல் வேறு வேறு. அதனால் 3 டெசிபல் வரை லாபம், மேலும் கீழுமான அசைவின் சத்தமும் ஒழியும். பாத்தே, எடிசன் போன்ற செங்குத்து வெட்டுத் தட்டில் (பாட்டே மேலும் கீழுமான அசைவாக வெட்டப்பட்டது) இதுவே தலைகீழ்: கூட்டினால் பாட்டு காணாமல் போகும். ஒரு சேனலின் அலையைத் தலைகீழாக்கிவிட்டு (மேலது கீழாக) கூட்டினால் வந்துவிடும்.

கிளிக் நீக்கம் ஈக்யூவுக்கு முன்னால் வர வேண்டும். ஃபிளாட் பதிவில் கிளிக் குத்தூசிபோல் கூர்மையாக நிற்கும், மென்பொருள் கண்டுபிடித்துவிடும். ஈக்யூ அதை மழுக்கிப் பரப்பிவிட்டால் இசையோடு கரைந்துவிடும். பிளே பொத்தானுக்குப் பின்னால் இருக்கும் கோப்பைச் சுத்தம் செய்ய முயல்கிறவர்கள் தோற்பது இங்கேதான்.

ஆடாசிட்டியின் கிளிக் ரிமூவலில் தொடக்க அளவுகள் த்ரெஷோல்ட் 200, அகலம் 20. அகலம் சாம்பிள் கணக்கில் இருப்பதால், விநாடிக்கு 96,000 சாம்பிள் கொண்ட 96 கிலோஹெர்ட்ஸ் கோப்புக்கு அது போதாது. 40-க்கு உயர்த்துங்கள், அதுவே உச்சவரம்பு. த்ரெஷோல்ட் குறையக் குறைய அதிகம் பிடிக்கும், அதோடு டிரம்பெட்டின் தாக்குதலையும் தாளத்தின் நுனியையும் கிளிக் என்று எண்ணி விழுங்கும். சோதிக்க ஒரு வழி உண்டு: பழைய கோப்பின் நகலைத் தலைகீழாக்கி, சுத்தம் செய்ததோடு கலந்து கேளுங்கள். கேட்பது வெறும் பொரிசலாக இருந்தால் சரி. அதில் பாட்டின் நிழல் கேட்டால் அதிகமாகப் போய்விட்டீர்கள்.

விரிசல் விட்ட தட்டில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு அடி விழும், 0.77 விநாடிக்கு ஒருமுறை. அதைக் கையால்தான் எடுக்க வேண்டும். ரிப்பேர் கட்டளை 128 சாம்பிளுக்கு மேல் வேலை செய்யாது. 96 கிலோஹெர்ட்ஸில் அது 1.3 மில்லிவிநாடி மட்டுமே. 44.1 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றிக்கொண்டால் அதே 128 சாம்பிள் 2.9 மில்லிவிநாடியை மூடும். பெரிய விரிசல் உள்ள தட்டுக்கு மட்டும், பொதுவான கிளிக் நீக்கத்தை முடித்தபிறகு, இந்தச் சமரசம் செய்யலாம்.

இரைச்சல் குறைப்பில் பேராசை கூடாது. 6 டெசிபல் போதும். 12-ஐத் தாண்டினால் பாடகர் தண்ணீருக்குள்ளிருந்து பாடுவார், நீண்ட சுரங்களின் வால் அறுந்துபோகும். மாதிரியைத் தொடக்கக் காலிப் பள்ளத்திலிருந்து எடுக்கச் சொல்வார்கள். பாட்டு ஓடும் பள்ளத்தின் தேய்மான இரைச்சல் அதைவிட வேறு மாதிரி. நடுவில் கால் விநாடி இடைவெளி கிடைத்தாலும் அதிலிருந்து எடுப்பது மேல்.

தகவல் பக்கம்

சேகரிப்பவருக்கு ஒலியைவிட லேபிள் படம் பயன்படும் நேரங்கள் உண்டு. பெரும்பாலான பக்கங்களில் படம் தெளிவாக இருக்கிறது. தட்டச்சு செய்த விவரங்களை அப்படியே நம்பாமல் படத்தோடு ஒப்பிடுங்கள். பெயர்களில் எழுத்துப் பிழை கணிசம், ஆங்கிலம் அல்லாத பெயர்களில் இன்னும் அதிகம். தேடும்போதும் பெயரை விட்டுவிட்டு எண்ணால் தேடுவது பலன் தரும்.

எண்ணிலும் இரண்டு வகை. லேபிளில் பெரிதாக இருப்பது கேட்டலாக் எண், அது விற்பனைக்கானது. லேபிளுக்கும் கடைசிப் பள்ளத்துக்கும் இடையே பொறித்திருப்பது மேட்ரிக்ஸ் எண். அது அந்தப் பதிவுக்கானது, பக்கத்தில் டேக் எண்ணும் (எத்தனையாவது முறை பாடிப் பதிந்தது என்பது) இருக்கலாம். ஒரே கேட்டலாக் எண்ணில் வேறு டேக் அச்சாகி வந்த தட்டுகள் உண்டு, அதாவது அதே பாட்டை வேறொரு முறை பாடிப் பதிந்தது. "இது என்னிடம் இருக்கிறது" என்று தள்ளிவிடும் முன் டேக் எண்ணைப் பாருங்கள். அமெரிக்க லேபிள்களுக்குப் பதிவு நாள் வேண்டுமானால், சான்டா பார்பராவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் அமெரிக்க வரலாற்று ஒலிப்பதிவுப் பட்டியலில் மேட்ரிக்ஸ் எண்ணைக் கொடுத்துத் தேடலாம். ஆர்க்கைவ் பக்கத்தில் போட்டிருக்கும் ஆண்டைவிட அது நம்பகமானது.

கிடைக்குமா, நிற்குமா

2023 ஆகஸ்டில் யுனிவர்சல், சோனி உள்ளிட்ட இசை நிறுவனங்கள் இந்தத் திட்டத்தின் மீது வழக்குத் தொடுத்தன. 2025-இல் சமரசமாக முடிந்தது. 2024 அக்டோபரில் இணையத் தாக்குதலால் ஆர்க்கைவ் முழுவதும் பல நாட்கள் முடங்கியது. வேண்டிய கோப்பை இன்றே இறக்கி வைப்பது புத்திசாலித்தனம். அமெரிக்கச் சட்டப்படி 1925 வரை வெளியான ஒலிப்பதிவுகள் 2026 ஜனவரி 1 முதல் பொதுவுடைமை. 1946 வரையிலானவற்றுக்கு வெளியீட்டிலிருந்து நூறு ஆண்டு, 1947 முதல் 1956 வரையிலானவற்றுக்கு 110 ஆண்டு. மற்ற நாடுகளில் கணக்கு வேறு. சீரமைத்ததை வெளியே பகிரும் முன் நீங்கள் வாழும் நாட்டின் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தேடல் வசதி சுமார். லேபிள், ஆண்டு, மொழி என்று வடிகட்டலாம், ஆனால் விவரம் தப்பாக இருந்தால் வடிகட்டியும் தப்பும். தளம் இயங்கும் வேகமும் சில நேரம் பொறுமையைச் சோதிக்கும்.

உங்கள் தட்டையும் ஏற்ற நினைத்தால்

ஆர்க்கைவில் கணக்கு திறந்து யாரும் பதிவேற்றலாம். தொகுப்பில் இல்லாத தட்டு, அல்லது அவர்களுடையதைவிட நல்ல நிலையில் உள்ள பிரதி என்றால் ஏற்றுவது பயனுள்ளது.

முதலில் கழுவுதல். அரக்குத் தட்டில் ஆல்கஹால் கலந்த எதுவும் படக் கூடாது, அரக்கு கரையும். வினைல் தட்டுக்கென்று விற்கும் திரவங்களில் ஆல்கஹால் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடுங்கள். ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் சாயமும் மணமும் இல்லாத பாத்திரச் சோப்புத் திரவம் ஐந்தாறு சொட்டு போதும். லேபிளை நனைக்காமல், மென்மையான பிரஷ்ஷால் பள்ளத்தின் போக்கிலேயே தேய்த்து, சோப்பில்லாத வடித்த நீரால் இருமுறை அலசி, நிறுத்தி வைத்து உலர்த்துங்கள். ஈரத்தைத் தட்டின் மேல் நிற்கவிடக் கூடாது. காகித அடுக்கு உள்ள பழைய கொலம்பியா வகைத் தட்டில் விரிசல் இருந்தால் நீர் உள்ளே இறங்கி மேல்தோலை உப்பவைக்கும், அதைக் கழுவ வேண்டாம். எடிசன் டைமண்ட் டிஸ்க்கில் தண்ணீரே ஆகாது. அலுமினியத்தின் மேல் லாக்கர் பூசிய ஒற்றைப் பிரதித் தட்டில் வெள்ளைப் படிவு பூத்திருந்தால், அது லாக்கர் சிதையும் அறிகுறி. தேய்த்துப் பார்க்காமல் அனுபவமுள்ளவரிடம் கொடுங்கள்.

ஓட்டும்போது வினைல் எல்.பி. தட்டுக்கான ஊசி உதவாது. 0.7 மில் நுனி அரக்குத் தட்டின் அடியில் விழுந்து குப்பையைத்தான் படிக்கும். 3 மில் ஊசி ஒன்றாவது வேண்டும். டர்ன்டேபிளில் 78 இல்லையென்றால் 45-இல் ஓட்டிப் பதிந்து, பிறகு வேகத்தை 73.33 சதவீதம் கூட்டலாம். ஆனால் ஊசியின் சிறு ஒலியைப் பெருக்கும் ப்ரீஆம்பில் ஆர்.ஐ.ஏ.ஏ. இருந்தால் அதன் தலைகீழ் வளைவை வேகம் மாற்றும் முன்பே போட்டு ஃபிளாட்டாக்கிவிட வேண்டும். மாற்றிய பிறகு போட்டால் வளைவு தவறான அதிர்வெண்ணில் விழும்.

ஏற்றும்போது ஊசியின் அளவு, ஓட்டிய வேகம், திருத்திய வேகமும் அதற்கான காரணமும், போட்ட டர்ன்ஓவர், ரோல்ஆஃப், வைத்துக்கொண்ட சேனல், மேட்ரிக்ஸ், டேக் எண்கள் எல்லாவற்றையும் குறிப்பில் எழுதுங்கள். லேபிளோடு கடைசிப் பள்ளத்தின் பொறிப்பும் தெரியும்படி சாய்ந்த வெளிச்சத்தில் ஒரு படம் எடுங்கள். சுத்தம் செய்த கோப்பைப் போட்டாலும் அதன் அருகிலேயே தொடாத ஃபிளாட் ஸ்டீரியோ ஃபிளாக்கையும் போடுங்கள். உங்கள் வேகக் கணக்கு பிசகியிருந்தாலோ கிளிக் நீக்கம் அதிகமாகிவிட்டிருந்தாலோ, இன்னொருவர் அதிலிருந்து மறுபடி தொடங்க முடியும்.